கட்டாயமில்லாத கையெழுத்து

அத்தியாயம் 14

பாண்டியன் உள்ளே வந்து அலுவலகக் கதவைச் சாத்தினான். கையிலிருந்த தடித்த நோட்டை அக்காவின் மேஜைமேல் வைத்தான்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் இதை உன் வண்டி டிக்கியில வச்சிக்கோக்கா. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

கேட் ரிஜிஸ்டர். அன்புக்கரசி அதைத் திறக்கவில்லை. திறக்காமலே அதில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். இரண்டு மாதமாகத் தினம் சாயந்திரம் ஒரு மினி லாரி வெளியே போகிறது. போகும் இடம் என்ற கட்டத்தில் வாட்ச்மேனின் கோணல் எழுத்தில் ஒரே ஊர்தான்: கருவேப்பிலங்குறிச்சி.

போன வாரம் அந்த லாரியின் பின்னாலேயே அவள் ஸ்கூட்டரில் போனாள். மக்காச்சோளக் கொல்லைக்கு நடுவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பதினான்கு பெண்கள். தங்கள் குடும்பக் கம்பெனியான அமிர்தம் செராமிக்ஸ் என்ற பெயரில் டென்மார்க்குக்குக் கப்பலேறும் மெழுகுவர்த்திக் கிண்ணங்களை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் சுடாத விளிம்புகளின் பிசிறை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். தலைமுடி வெள்ளை, புருவம் வெள்ளை, கண் இமை வெள்ளை. ஒரு ஜன்னல் கிடையாது. முகத்தில் ஒரு துணி கிடையாது.

வீட்டுக்கு வந்து தம்பியைக் கேட்டாள். அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அன்றிலிருந்து இருவருக்குள்ளும் பேச்சு என்றால் சூளை, சரக்கு, லாரி, அவ்வளவுதான்.

இன்று பேசித்தான் ஆக வேண்டும். பத்து மணிக்கு மஹதி வருகிறார். டென்மார்க் கம்பெனியின் சார்பில் சோதனை செய்யச் சென்னையிலிருந்து அனுப்பப்பட்டவர். நேற்றே வந்து ஜங்ஷன் ரோட்டில் ஒரு லாட்ஜில் தங்கியிருக்கிறார்.

"நோட்டை எடுத்துக்கிட்டுப் போய் அதோட எடத்துல வையிடா" என்றாள் அன்புக்கரசி.

"வச்சா?"

"வச்சா அந்தம்மா பாப்பாங்க."

"பாத்தா ஆர்டர் போவும். வெளியாளுங்களுக்கு வேலை குடுக்கக் கூடாதுன்னு அந்தப் பச்சைப் புத்தகத்துல இருக்குதுன்னு நீதானே சொன்னே?"

பச்சைப் புத்தகம் அவள் மேஜையிலேயே இருந்தது. இருபத்து நான்கு பக்கம். எந்தச் சட்டமும் கேட்காதது. எந்த நாட்டுச் சர்க்காரும் அனுப்பாதது. பல நாடுகளில் வாங்கி விற்கிற கம்பெனிகள் சில கூடி உட்கார்ந்து, வியாபாரத்தில் இன்னது செய்வோம், இன்னது செய்ய மாட்டோம் என்று தாங்களாகவே எழுதிக்கொண்ட நெறிகள். தங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அதை வரிக்கு வரி படித்தவள் அன்புக்கரசி ஒருத்திதான். இரண்டு சாயந்திரம் உட்கார்ந்து அப்பாவுக்குத் தமிழில் சொல்லி, அதன்பிறகுதான் அவரைக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

"அது என்ன சட்டமாக்கா? மீறினா போலீசு வருமா? அவங்களா எழுதிக்கிட்டது. கட்டாயம் ஒண்ணும் இல்லியே!"

"கட்டாயம் இருந்திருந்தா பயந்துகிட்டுப் போட்டோம்னு சொல்லலாம். நம்மள யாரும் புடிச்சித் தள்ளல. நாமளா போட்டோம். அதனாலதான்டா எனக்கு உறுத்துது."

பாண்டியன் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் உட்கார்ந்தான். அவன் குரல் இறங்கியது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கத்துகிற தம்பியைச் சமாளிப்பது எளிது.

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அறுபது நாள்ல செஞ்சுகிட்டிருந்த சரக்கை இனிமே தடவைக்கு முப்பத்தஞ்சு நாள்ல வேணும்னு கேட்டாங்க. நீ சரின்னு மெயில் போட்டே. செய்யறது யாரு? நானு. பிசிற ஈரப் பஞ்சால தொடச்சா தூசி வராது. எனக்குத் தெரியாதா? ஆனா திரும்பக் காய ரெண்டு நாள் ஆவும். காய வைக்க எடம் ஏது, நாளு ஏது? காஞ்சதை அப்படியே தேய்ச்சாத்தான் முடியும். இங்க தேய்ச்சா நம்ம ஆளுங்க இருமுவாங்க. அதான் அங்க கொண்டு போனேன்."

"அங்க இருமறவங்க யாருடா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் அவன் சொன்னதில் ஒரு வார்த்தை அவளைத் தைத்துவிட்டது. நீ சரின்னு மெயில் போட்டே. ஆமாம், போட்டாள். பெரிய ஆர்டர் என்ற சந்தோஷத்தில் ஒரே நிமிஷத்தில் போட்டாள். சூளைப் பக்கம் போய்த் தம்பியிடம் முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பச்சைப் புத்தகத்தைத் திறந்தாள். பதினேழாம் பக்கத்தில் அவள் கை நின்றது. அந்தப் பக்கத்தைக் கம்பெனிக்காரர்கள் யாருக்காகவும் எழுதவில்லை, தங்களுக்கே எழுதிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறை படித்தாள்.

கதவு திறந்தது. ஆதிநாராயணன் நின்றார். இந்தக் கம்பெனியை ஒரு சூளையோடு ஆரம்பித்து, இறந்துபோன மனைவியின் பெயரை வைத்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் சூளையையும் ஆட்களையும் மகனிடமும், ஏற்றுமதியை மகளிடமும் கொடுத்துவிட்டு ஒதுங்கியவர். ஒதுங்கினாலும் தினம் காலையில் வந்துவிடுவார்.

"ரெண்டு பேரும் பேசறது சூளை வரைக்கும் கேக்குது" என்றார். மேஜைமேல் இருந்த நோட்டைப் பார்த்தார். எல்லாம் தெரிந்தவர்போலத்தான் பார்த்தார். "அன்பு, இன்னிக்குக் கடந்து போவட்டும்மா. அடுத்த வாரம் நாமளே அந்தக் கொட்டகைய மூடிடலாம். சத்தமில்லாம."

"மூடினா அந்தப் பதினாலு பேரு என்னப்பா பண்ணுவாங்க?"

"அதை அப்புறம் பாப்போம்."

"அப்புறம் பாக்க மாட்டோம்ப்பா. நமக்கே தெரியும்." அன்புக்கரசி எழுந்தாள். "நானா போய் எதுவும் சொல்லப் போறதில்ல. ஆனா கேட்டாங்கன்னா இல்லேன்னு என் வாயால வராது."

வாசலில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பாண்டியன் நோட்டை எடுத்து அக்காவின் அலமாரிக்குள் திணித்துவிட்டு வெளியே போனான்.

மஹதிக்கு முப்பது வயது இருக்கும். காட்டன் சுடிதார், தோளில் ஒரு பை, சிரிக்காத முகம். அவசரமும் இல்லை. தூசி உறிஞ்சும் விசிறியைப் போடச் சொல்லி அதன் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பார்த்தார். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்தார். சூளைப் பக்கம் கொளஞ்சியைத் தனியாக அழைத்துப் போய்க் கால் மணி நேரம் பேசினார். கொளஞ்சி இருபது வருஷமாகச் சூளையில் நிற்கிறவர். யார் கேட்டாலும் உள்ளதைத்தான் சொல்வார்.

எல்லாமே சரியாக இருந்தது. அன்புக்கரசி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்தது. மூன்று வருஷ உழைப்பு. அந்தப் பெருமையோடு கூடவே நடக்க முடியவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு எல்லோரும் அலுவலகத்தில் உட்கார்ந்தார்கள். மஹதி படிவத்தைப் புரட்டினார்.

"இந்தக் கட்டடத்துக்கு வெளியில எங்கேயாவது வேலை குடுக்கறீங்களா?"

"இல்லீங்க மேடம்" என்றான் பாண்டியன். "எல்லாம் இங்கதான்."

ஆதிநாராயணன் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஹதி எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி அன்புக்கரசியைப் பார்த்தார்.

அவள் அலமாரியைத் திறந்தாள். நோட்டை எடுத்து மஹதியின் முன்னால் வைத்தாள்.

"குடுக்கறோம் மேடம். தம்பி சொன்னது தப்பு. கருவேப்பிலங்குறிச்சியில ஒரு கொட்டகை. பதினாலு பேரு. தூசியில உக்காந்திருக்காங்க. உங்களுக்கும் சொல்லல, டென்மார்க்குக்கும் சொல்லல. அது எங்க தப்பு."

பாண்டியன் நாற்காலி பின்னால் சாய எழுந்தான். "யக்கா!"

"உக்காருடா. இன்னும் முடிக்கல." அவள் பச்சைப் புத்தகத்தைத் திறந்து பதினேழாம் பக்கத்தைத் திருப்பி வைத்தாள். "இதையும் படிங்க மேடம். 'சரக்கைத் தரமாகவும் பாதுகாப்பாகவும் செய்யத் தேவையான காலத்தைத் தருவோம். காலத்தைக் குறைப்பதற்கு முன்னால் செய்கிறவர்களோடு கலந்து பேசுவோம்.' இது நாங்க குடுத்த வாக்கு இல்ல. அவங்க குடுத்தது. அறுபது நாளை முப்பத்தஞ்சு ஆக்கினப்ப யாரும் எங்களைக் கலந்து பேசல. ஒரு வரி மெயிலுதான் வந்துது. நானும் கேக்காம சரின்னுட்டேன். அதுவும் தப்புதான், எழுதிக்குங்க. ஆனா அந்தக் கொட்டகை என் தம்பியோட பேராசையில மட்டும் மொளைக்கல. அந்தக் கொறைஞ்ச இருபத்தஞ்சு நாள்லேருந்து மொளைச்சுது."

பாண்டியன் மெதுவாக உட்கார்ந்தான். இத்தனை நாளாக அவன் கத்திக்கொண்டிருந்ததை, அவனைவிடத் தெளிவாக அவள் சொல்லிவிட்டாள்.

"படிவத்துல நீங்க செஞ்ச தப்புக்குத்தான் கட்டம் இருக்குங்க" என்றார் மஹதி. "கம்பெனி செஞ்சதுக்குக் கட்டம் இல்லை."

"கட்டம் இல்லேன்னா தாளோட பின்பக்கம் இருக்குதுங்களே."

மஹதி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். தாளைத் திருப்பினார். நிறுத்தி நிதானமாக ஒரு பக்கம் முழுக்க எழுதினார். பிறகு பேனாவை மூடினார்.

"கொட்டகையைப் பார்க்கணும்."

பாண்டியன்தான் காரை ஓட்டினான். முன்சீட்டில் ஆதிநாராயணன் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அவர் தூங்கவில்லை.

கார் நின்றதும் கொட்டகைக்குள் உப்புத்தாள் சத்தம் நின்றது. பெண்கள் வாசலில் வந்து கூடினார்கள். முன்னால் நின்றவள் பெரியம்மாள். பாண்டியன் மனைவி பிரபாவின் சித்தி. ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, எதற்கும் அசராத குரல். அந்தக் குரலுக்கு நடுவில் இப்போது ஓர் இருமல் வந்து வந்து போனது.

"மூட வந்திருக்கீங்களா?" என்றாள்.

மஹதி, "பார்க்கத்தாம்மா வந்தேன்" என்றார்.

"பாக்கறவங்கதான் மூடுவாங்க." பெரியம்மாள் அன்புக்கரசி பக்கம் திரும்பினாள். "போன வாரம் வந்து நின்னு பாத்துட்டுப் போனப்பவே நெனச்சேம்மா. நடவு இல்லாத மாசத்துல எங்களுக்குச் சோறு போடறது இந்தத் தூசிதான். நீங்க நல்லவங்களா இருக்கறதுக்கு எங்க அடுப்புதானா கெடைச்சுது?"

அன்புக்கரசி அந்தப் பதினான்கு வெள்ளை முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"மூடத்தான் போறோம் சித்தி" என்றாள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் குரலை உயர்த்தினாள். "கொட்டகையத்தான் மூடறோம், வேலையை இல்ல. பதினாலு பேரும் நம்ம கம்பெனிக்கே வாங்க. காலையில வேன் வரும், சாயந்திரம் கொண்டாந்து வுடும். அங்க விசிறி இருக்குது, தண்ணி இருக்குது. காஞ்சதைத் தேய்க்க வேணாம், ஈரப் பஞ்சாலதான் வேலை. எல்லாருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே எடுப்போம், செலவு நம்மளோடது. அங்க இருக்கறவங்களுக்கு என்ன சம்பளமோ அதேதான் உங்களுக்கும்."

"எனக்கு ஸ்கூலுக்குப் போற புள்ளைங்க ரெண்டு இருக்குதுக்கா" என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி. "ஏழு மணிக்கெல்லாம் வேன் வந்தா என்னால ஏற முடியாது."

"அப்ப எத்தனை மணிக்கு வரணும்? நீங்களே பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியம்மாள் மட்டும் இளகவில்லை.

"வாயால சொல்றது ரோடு தாண்டறதுக்குள்ள மறந்துடும். எழுதிக் குடு. நீ இல்ல, எங்களை இங்க கொண்டாந்து உக்கார வச்சவரு எழுதட்டும். இந்தம்மா பாக்கட்டும்."

எல்லோருடைய கண்களும் பாண்டியன் மேல் திரும்பின. அவன் காரின் கதவில் சாய்ந்து நின்றிருந்தான். அவனை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. காரில் ஏறிப் போயிருந்தால் தடுத்து நிறுத்தவும் ஆளில்லை. ஆதிநாராயணன் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாண்டியன் மஹதியிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினான். காரின் பானெட்டில் வைத்து எழுதினான். அக்கா சொன்ன ஒவ்வொன்றையும் எழுதினான். கடைசியில் அவனாகவே ஒரு வரி சேர்த்தான்: வேன் வராத நாளுக்கும் சம்பளம் உண்டு. கையெழுத்துப் போட்டுப் பெரியம்மாளிடம் நீட்டினான்.

அவள் அதை மஹதியிடம் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லி, இரண்டு தடவை கேட்டு, மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி மாப்ளே" என்றாள். "டீ குடிச்சிட்டுப் போங்க."

நாலு மணிக்கு டென்மார்க்கிலிருந்து வீடியோ அழைப்பு. மறுபக்கம் அந்தக் கம்பெனியின் கொள்முதல் பொறுப்பாளர், கிர்ஸ்டன் என்ற பெண்மணி. நரைத்த கிராப்புத் தலை, மூக்கின் நுனியில் கண்ணாடி. மஹதி தன் பங்குக்குப் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்துகொண்டார். அன்புக்கரசி திரையின் முன்னால் உட்கார்ந்தாள்.

அவள் ஆங்கிலம் பெரிய ஆங்கிலம் இல்லை. ஆனால் விஷயம் தெரிந்தவளின் ஆங்கிலம். மறைத்தோம் என்றாள். எப்படித் திருத்துகிறோம் என்று சொன்னாள். பிறகு, உங்கள் மேஜையில் அந்தப் புத்தகம் இருந்தால் பதினேழாம் பக்கத்தைத் திறங்கள் என்றாள்.

கிர்ஸ்டன் திறக்கவில்லை.

"அந்தப் பக்கத்தை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்" என்றார். "அதை ஒரு சப்ளையர் எனக்குத் திருப்பிப் படித்துக் காட்டுவது இதுதான் முதல் தடவை."

அதன்பிறகு பேச்சு வேகமாக நடந்தது. இந்தச் சரக்கின் மீதிக்கு இருபத்தைந்து நாள் கூடுதல். இனி வரும் ஆர்டர்களுக்கு அறுபது நாள், எழுத்தில். குறைக்க வேண்டுமானால் முதலில் பேச்சு, பிறகுதான் ஆர்டர். பாண்டியன் ஜன்னல் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அறுபது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கண்ணை இறுக மூடித் திறந்தான்.

"கடைசியாக ஒன்று" என்றார் கிர்ஸ்டன். "நீங்களாகச் சொன்னதால்தான் இந்த ஆர்டர் உங்கள் கையில் இருக்கிறது. எங்களுக்குத் தெரியாத வேறு எதுவும் இருக்கிறதா? நாளைக்கு வேறு வழியில் தெரிந்தால் என்னால் எதுவும் செய்ய முடியாது."

அன்புக்கரசி தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"இல்லை" என்றாள், திரையை நேராகப் பார்த்து.

ஆட்டோ ஏறும்போது மஹதி அவளிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"வருஷாந்தரச் சோதனை அடுத்த மாசம்தாங்க. நான் இன்னிக்கு வந்தது வேற காரணத்துக்கு. புத்தகத்தோட கடைசிப் பக்கத்துல புகார் அனுப்ப ஒரு விலாசம் இருக்கு, பார்த்திருப்பீங்க. அதுக்கு இங்கேருந்து ஒரு லெட்டர் வந்துது. தமிழ்ல. யாருன்னு நான் சொல்லக் கூடாது. கண்டுபிடிச்சு அவங்களைத் தொந்தரவு பண்ணவும் கூடாது. நீங்களா சொல்றீங்களான்னு பார்க்கத்தான் கேட்டேன். சொன்னீங்க. சந்தோஷம்."

பை தோளில் இருந்தும் ஏறாமல் கொஞ்ச நேரம் நின்றார். இன்னும் ஏதோ சொல்லப் போகிறார் என்று அன்புக்கரசி நினைத்தாள். ஆனால் அவர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை. வென்றுவிட்டோம் என்ற நினைப்பில் அன்புக்கரசிக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. பாண்டியனுக்கோ வழியில் அக்கா சொன்ன அந்த லெட்டர் ஒன்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம சோத்தைத் தின்னுட்டு எவனோ எழுதியிருக்கான். கொளஞ்சியா? வாட்ச்மேனா? எவன்னு தெரியாம வுட மாட்டேன்."

"தொந்தரவு பண்ணக் கூடாதுடா. அதுவும் புத்தகத்துல இருக்குது."

"புத்தகம், புத்தகம்! என்கிட்ட நேரா வந்து சொல்றதுக்கு என்ன கேடு அவனுக்கு?"

பிரபா சமையலறையிலிருந்து டீ டம்ளர்களோடு வந்தாள். மாமனாருக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று. மூன்றாவதைக் கணவனிடம் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தாள்.

"நான்தாங்க எழுதினேன்" என்றாள்.

ஆதிநாராயணன் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

"ரெண்டு தடவ நேரா சொன்னேன். எங்க சித்தி இருமுதுங்கன்னு சொன்னேன். ரெண்டு தடவையும் டிவி சத்தத்தைக் கூட்டினீங்க."

"எப்போ எழுதினே?" பாண்டியனின் குரலில் கோபம்கூட வரவில்லை.

"ஆவணியில. கொட்டகையிலேருந்து நேரா வந்து, கையக் கழுவாம பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சினீங்க. கன்னம், மூக்கு, வாயெல்லாம் வெள்ளையா அப்பிக்கிச்சு. நீங்க சிரிச்சீங்க. நான் தொடச்சிகிட்டே இருந்தேன். அன்னிக்குத்தான்."

பாண்டியன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். உள் அறையில் குழந்தை ஏதோ பொம்மையைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தது.

அன்புக்கரசி எழுந்து பிரபாவின் தோளில் கை வைத்தாள். இந்த வீட்டில் அந்தப் பச்சைப் புத்தகத்தைத் தான் மட்டும்தான் படித்திருக்கிறோம் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தது தப்பு.

"நல்ல வேலை பண்ணினேம்மா" என்றாள்.

பிரபாவின் முகம் தெளிந்தது. "நீங்க இருக்கீங்கன்னு தைரியம் அண்ணி. அந்தம்மா நல்லூருக்கும் போய்ப் பாத்தாங்கதானே? அங்க என்ன சொன்னாங்க?"

"நல்லூருக்கா? அங்க எதுக்கு?"

பிரபா கணவனைப் பார்த்தாள். மறுபடி அண்ணியைப் பார்த்தாள்.

"நான் எழுதினது ரெண்டு எடம் அண்ணி. கருவேப்பிலங்குறிச்சி சரக்குல பாதி, அங்கேருந்தே நல்லூருக்குப் போவுது. இவரு போன்ல பேசறதைக் கேட்டேன். அங்க யாரு செய்யறாங்க, எப்படி எடம், எதுவும் எனக்குத் தெரியாது. எடத்தை மட்டும் எழுதினேன்."

கேட் ரிஜிஸ்டரில் அது ஏன் இல்லை என்று அன்புக்கரசிக்கு இப்போது புரிந்தது. கிர்ஸ்டனிடம், திரையை நேராகப் பார்த்து, இல்லை என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"பாண்டியா."

"நாளைக்குக் காலையில போய்க் காலி பண்ணிடறேன்க்கா. இன்னிக்குத்தான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இப்பப் போய் வாயத் தொறந்தா அத்தனையும் போவும். நீ இல்லேன்னு சொல்லியாச்சு."

"நான் சொன்னது பொய்யின்னு மஹதி மேடத்துக்கு அப்பவே தெரியும்டா. லெட்டர்ல ரெண்டு எடத்தையும் படிச்சிட்டுத்தான் வந்து உக்காந்திருந்தாங்க."

ஆதிநாராயணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போனைப் போடும்மா. அந்தப் புத்தகத்துல கையெழுத்து என்னோடது."

அன்புக்கரசி போட்டாள். மணி ஆறேகால். மஹதி ஏற வேண்டிய சென்னை ரயில் போய் அரை மணி நேரம் ஆகியிருக்கும். ரயிலுக்குள் சிக்னல் கிடைக்குமோ கிடைக்காதோ. மூன்றாவது மணியிலேயே மஹதி எடுத்தார்.

"மேடம், அன்புக்கரசி பேசறேன். நான் இன்னிக்குச் சொன்னதுல ஒண்ணு விட்டுப் போச்சு. நல்லூர்ல இன்னொரு எடம் இருக்குது. எனக்கே இப்பத்தான் தெரியும். என்ன எடம்னு இன்னும் தெரியாது. ஆனா இருக்குது. கிர்ஸ்டன் மேடத்துக்கும் நானே எழுதறேன். நீங்க ரயில்ல இருப்பீங்க, நாளைக்கு..."

"ரயில்ல இல்லீங்க" என்றார் மஹதி. அவருக்குப் பின்னால் ஒலிபெருக்கியில் ஏதோ வண்டியின் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. "அந்த வண்டியை விட்டுட்டேன். பிளாட்பாரத்துலதான் உக்காந்திருக்கேன். நீங்க கூப்பிடுவீங்கன்னு தோணிச்சு. காலைல எத்தனை மணிக்குக் கார் அனுப்பறீங்க?"

அன்புக்கரசி தம்பியைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவில்லை. ஆனால் சட்டைப் பையிலிருந்து கார்ச் சாவியை எடுத்து மேஜைமேல், ஆறிப்போன டீக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஆறு மணிக்குங்க" என்றாள். "நானே ஓட்டிட்டு வரேன்."